வெள்ளைச் சேலைக்குள் ஒரு வழக்கு: பழைய பேய்ப்படங்களும் ஊவாத் தோட்டங்களும்

கொட்டும் மழை. ஆள் நடமாட்டமில்லாத சாலை. தனியே கார் ஓட்டி வரும் இளம் டாக்டரின் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சேலை உடுத்த பெண்ணொருத்தி நிற்கிறாள். இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்கிறார். கொஞ்ச தூரத்தில் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் நின்றுவிடுகிறது. அவருக்குப் பாதை தெரியவில்லை. தனக்குத் தெரிகிறது என்கிறாள் அவள். அவள் காட்டிய வழியே போய்ச் சேர்ந்த இடம் ஒரு கல்லறைத் தோட்டம். ராஜ் கோஸ்லா 1964இல் இயக்கிய 'வோ கௌன் தீ?' என்ற இந்திப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. 1966இல் அது 'யார் நீ?' என்று தமிழில் வந்தது. சத்யம் இயக்க, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தார்கள்.

அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. முடிவும் ஊரறிந்ததுதான்: அவள் பேயல்ல, சொத்துக்காக டாக்டரைப் பைத்தியமாக்க நடக்கும் சூழ்ச்சி அது. இருந்தும் அந்த மழைக் காட்சியின் பிடி தளரவில்லை. அதற்குப் பிறகு பெரும் செலவில் கணினியில் செய்யப்பட்ட பேய்கள் எத்தனையோ, தியேட்டர் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகின்றன. எந்தப் பழைய படம் இன்றும் பயமுறுத்துகிறது, எது தேய்ந்து வேடிக்கையாகிவிட்டது, ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க இலங்கை மலையகத்தின் பதுளையும் அதைச் சுற்றிய ஊவாத் தேயிலைத் தோட்டங்களும் மிகப் பொருத்தமான இடம். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கும் அப்புத்தளை, இரவில் காட்டின் கரையைத் தொட்டபடி கிடக்கும் மடூல்சீமை, லுணுகலை, நமுனுகுலை லயங்கள் (தொழிலாளர் வரிசைவீடுகள்) இதற்கு ஒரு காரணம் மட்டுமே. இந்த மண்ணில் பேய்க்கதை எப்போதும் ஒரு பெயரோடும் ஒரு காரணத்தோடும்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் கதையை எடுத்துக்கொள்ளலாம். பதுளையில் பிரித்தானிய நிர்வாகியாக இருந்த அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் வாங்கியவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவர் புதைக்கப்பட்ட கல்லறையையும் மின்னல் திரும்பத் திரும்பத் தாக்குகிறது, கொன்ற யானைகளின் பாவம் செத்தபின்னும் விடவில்லை என்று மக்கள் நம்பினார்கள். பதுளை நகரத்தில் அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் இன்றும் நிற்கிறது. தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவரை ஒருவிதமாக நினைவுகூர்ந்தார்கள். மின்னல் கதையைச் சொன்னவர்கள் வேறுவிதமாக. அந்தக் கதையில் இருப்பது ஒரு தீர்ப்பு.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கள் காவல் தெய்வங்களையும் பேய்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். முனியாண்டியும் மாடசாமியும் காட்டேரியும் தேயிலை மலையில் இடம்பிடித்தன. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் ஓடும் பெரிய இயந்திரச் சக்கரங்களுக்கென்று ரோதைமுனி என்ற புதிய தெய்வமே பிறந்தது. கை அகப்பட்டால் ஆளையே இழுத்துவிடும் அந்தச் சக்கரத்தின் முன் பூசை வைக்காமல் வேலை தொடங்குவது ஆபத்து என்று கருதப்பட்டது. பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து மோகினி வந்தாள்: கைக்குழந்தையோடு பாதையோரம் நின்று, சற்றுப் பிள்ளையைப் பிடியுங்கள் என்று கேட்கும் வெள்ளை உடைப் பெண். மகாசோனா என்ற மயானப் பேய் வந்தான். சிங்களவர் 'உலமா' என்றழைக்கும் பேய்க்குருவியின் அலறலும் வந்தது. அது கேட்ட வீட்டில் சாவு விழும் என்பார்கள். தண்ணீர்ப் பீலிக்கரைக்கு இருட்டில் தனியே போகாதே என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையில் இவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அதே எச்சரிக்கையில், பேயின் பெயரைச் சொல்லி மறைக்கப்பட்ட மனித ஆபத்துகளும் இருந்தன.

திரைக்கு முன்பே இங்கே திகில் நாடகமும் இருந்தது. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவதற்கு முந்திய நடுச்சாமத்தில் எமதூதன் களத்தில் இறங்குவான். தப்பின் அடி மாறும். தீப்பந்தங்களுக்கிடையே கரிபூசிய உடம்போடு அவன் ஓடிவரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிவார்கள். வீரபத்திரன் வரும்போது வேடம் போட்டவருக்கே உருவேறும். பார்த்து நிற்பவர்களில் சிலருக்கும் ஏறும். நாளை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தன் பக்கத்தில் நிற்கப்போகும் மனிதர்தான் இந்த எமதூதன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பயம் வரும். 'யார் நீ?' படத்தின் முடிவு தெரிந்தும் மழைக் காட்சி பயமுறுத்துவதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்பது தெரியாமல் வரும் பயம் ஒரு முறையோடு தீர்ந்துவிடும். எப்படி நெருங்கி வருகிறது என்பதில் பிறக்கும் பயம் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும்.

தமிழ்ப் படங்கள் இந்த மலைக்கு வந்த வழியும் சுலபமானதல்ல. 1960களில் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களின் படமாளிகைகளுக்குச் சம்பள நாளையொட்டிக் குடும்பம் குடும்பமாக இறங்கிப் போவார்கள். படம் பார்க்க முடியாதவர்களுக்கு இலங்கை வானொலி பாட்டையாவது கொண்டுவந்து சேர்த்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது; இந்திய வம்சாவளித் தமிழர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மக்கள் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டார்கள். படமாளிகையில் ஒன்றாக உட்கார்ந்து பயந்த குடும்பங்கள், பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் நோக்கிப் போன 'அழுகைக் கோச்சி' என்ற ரயிலில் பிரிந்தன. 1970களில் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குள் இறக்குமதி போனபின், இந்தியப் படங்களின் வரவு குறுகியது. வந்தவை திரும்பத் திரும்ப ஓடின. 1980களில் வீடியோ கேசட் ஓட்டும் டெக் வந்தது. வாடகைக்கு எடுத்த டெலிவிஷனையும் டெக்கையும் லயத்து இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) வைத்து, ஒரே இரவில் மூன்று படம் நான்கு படம் ஓட்டுவார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு போடப்படும் படம் பெரும்பாலும் பேய்ப்படமாக இருக்கும். படம் முடிந்ததும் டோர்ச் லைட்டோடு அடுத்த மலைக்கு நடக்க வேண்டும். ஒரு பேய்ப்படத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

அந்தப் பரீட்சையில் தேறியவை எவை என்று பார்த்தால், தமிழ்ப் பேய்ப்படங்கள் சில வகைகளாகப் பிரிகின்றன.

முதல் வகை, பொய்ப்பேய். பேயென்று ஊர் நம்புவதன் பின்னால் ஒரு கொள்ளைக்காரனோ சொத்துப் பேராசையோ இருக்கும். எஸ்.பி.முத்துராமன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'துணிவே துணை' (1976) இதன் உச்சம். இருட்டினால் வெளியே வர மக்கள் நடுங்கும் ஒரு கிராமம். நள்ளிரவில் அங்கே வந்து இறங்கும் அந்நியன். காற்றில் வரும் பெண் குரல். அந்த முற்பகுதியை இன்று பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். துப்பறிதல் தொடங்கியதும் படம் வழக்கமான சண்டைப்படமாகிவிடுகிறது, பயமும் விடைபெறுகிறது. ஏ.சி.திருலோகசந்தரின் 'அதே கண்கள்' (1967) பேயைக் காட்டாமலே முகமறியாக் கொலைகாரனை வைத்து அதே வேலையைச் செய்தது. இந்த வகைப் படங்கள் பகுத்தறிவின் பக்கம் நிற்கின்றன. பயத்தை விதைத்து ஆதாயம் அடைபவன் யார் என்று கேட்கின்றன. பங்களாவும் லயமும் எதிரெதிரே இருக்கும் ஒரு தோட்டத்தில் அந்தக் கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு.

இரண்டாம் வகை, பழைய பிறவியும் பழைய பழியும். இதன் இந்திய ஊற்று கமால் அம்ரோஹியின் 'மகால்' (1949). ஜெர்மானியரான யோசெஃப் விர்ஷிங் நிழலும் ஒளியுமாகப் பிடித்த அந்தப் பாழ் மாளிகையில் மதுபாலாவின் உருவம் தோன்றி மறையும். அதில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு தொலைவிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வருவதுபோல் ஒலிக்கும். ஒலிப்பதிவின்போது மைக்கிலிருந்து தள்ளி நின்று, பாடிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்து வந்ததாக லதாவே சொல்லியிருக்கிறார். இந்தியப் பேய்ப்படத்தில் பாட்டு வகிக்கும் இடத்தை அந்த நடை நிர்ணயித்துவிட்டது. தமிழில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) இந்த வழியில் வந்த முதல்தரப் படம். ஜமீன்தாரின் மகனும் ஓர் ஏழைப் பெண்ணும் காதலிக்கிறார்கள்; ஜமீன்தார் அவளைக் கொல்கிறார்; இருவரும் மறுபிறவி எடுத்து வரும்போது, அதே ஜமீன்தார் சாகாமல் தொண்டு கிழமாகக் காத்திருக்கிறார். நூறு வயதைத் தாண்டிய அந்தக் கிழவராக எம்.என்.நம்பியார் நடித்தார். இந்தப் படத்தில் பயமுறுத்துவது செத்தவள் அல்ல. சாக மறுக்கும் அதிகாரம். கல்யாண்குமாரும் தேவிகாவும் நம் பரிதாபத்தைப் பெறுகிறார்கள், நடுக்கத்தை நம்பியார் எடுத்துக்கொள்கிறார். கங்காணியின் பேரேட்டில் பாட்டன் வாங்கிய கடன் பேரன் கணக்கில் தொடர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு அந்தக் கிழவரை அடையாளம் காண்பது கடினமல்ல.

மூன்றாம் வகையில் பேய் நிஜமாகவே வருகிறது, வேறொரு பெண்ணின் உடம்புக்குள் குடியேறுகிறது. நடிகை ஷீலா மலையாளத்தில் இயக்கிய 'யக்ஷகானம்' (1976) படத்தைத் துரை தமிழில் 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) ஆக்கினார். இறந்துபோன காதலியின் ஆவி மனைவியின் உடலில் புகுந்துவிடுகிறது. கணவன் விஜயகுமாருக்கு அது தெரியாது. மனைவியாக நடித்த லதாவின் பார்வையில் விழும் சிறு மாற்றத்தை அவளுடைய அண்ணன் ரஜினிகாந்த் மட்டும் கண்டுகொள்கிறார். வீட்டுக்குள் தினமும் சோறு போடும் கை வேறொருத்தியின் கை என்ற அறிவுதான் இங்கே பயம். இரத்தமும் கோரைப்பல்லும் தேவைப்படாத இந்தப் பயம் பழசாகவே இல்லை. மனோபாலாவின் 'பிள்ளை நிலா' (1985) இன்னொரு படி போனது: இறந்த பெண்ணின் ஆவி பேபி ஷாலினி நடித்த குழந்தைக்குள் நுழைகிறது. குழந்தையின் முகம் சட்டென்று பெரியவளின் முகமாக இறுகும் நொடிகளை இளையராஜாவின் பின்னணி இசை தாங்கிப் பிடித்தது. பேபி ஷாலினியை வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துப் பழகிய தாய்மார்கள் அந்த முகத்தைக் கண்டபோது அடைந்த அதிர்ச்சி, படத்தை விட்டு வெளியே வந்தபின்னும் தொடர்ந்தது.

1985க்கும் 1991க்கும் இடையில் ஆங்கிலப் படங்களின் நிழல் நீளமாக விழுந்தது. 'தி ஓமன்' தந்த சாத்தான் குழந்தைக் கருவை ஒட்டி 'யார்?' (1985), 'ஜென்ம நட்சத்திரம்' (1991) ஆகியவை வந்தன. கலைவாணன் கண்ணதாசனின் 'வா அருகில் வா' (1991) பொம்மைக்குள் ஆவியைப் புகுத்தியது. ஜி.எம்.குமாரின் 'உருவம்' (1991) செய்வினையால் ஒரு குடும்பம் சிதைவதைக் காட்டியது. காதல் நாயகனாகவே பார்த்துப் பழகிய மோகனின் முகம் அதில் குலைந்து உருமாறுகிறது. இவற்றில் சாத்தான் படங்கள் இன்று வலுவிழந்து நிற்கின்றன. சாத்தானின் எண்ணும் உலக முடிவுக் கணக்கும் தமிழ் வீட்டுக்குள் ஒட்டவில்லை. 'வா அருகில் வா' தப்பிப் பிழைப்பதற்குக் காரணம் பொம்மை அல்ல. அதற்குள் இருப்பவள் புகுந்த வீட்டில் கொல்லப்பட்ட மருமகள். 'உருவம்' பயமுறுத்துவதற்குக் காரணம், பார்ப்பவர்கள் செய்வினை என்ற சொல்லின் எடையை ஏற்கெனவே அறிந்திருந்ததுதான்.

ஆனால் அந்த எடையைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சலும் வலிப்பும் மனநோயும் வந்தால் ஆஸ்பத்திரிக்கு முன் கோடாங்கியைத் தேடிப்போகும் வழக்கம் தோட்டங்களில் நெடுநாள் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் லயத்தில், யாரோ வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் பக்கத்துக் காம்பராவைத்தான் முதலில் சுட்டும். செய்வினையை நிரூபித்துக் காட்டும் படம் அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. நல்ல பேய்ப்படம் பயத்தைத் திரையிலேயே முடித்து அனுப்பும். மோசமானது அயலவர் மேல் ஏவிவிடும். இந்த வேறுபாட்டைப் பேசாமல் பேய்ப்படங்களைக் கொண்டாட முடியாது.

இந்த இடத்தில் இரண்டு மலையாளப் படங்கள் வழிகாட்டுகின்றன. வைக்கம் முகம்மது பஷீர் தன் 'நீலவெளிச்சம்' கதையிலிருந்து திரைக்கதை எழுத, ஏ.வின்சென்ட் இயக்கிய 'பார்கவி நிலையம்' 1964இல் வந்தது. யாரும் குடிவராத பாழ்வீட்டுக்கு ஓர் எழுத்தாளர் வாடகைக்கு வருகிறார். பேய் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் ஓடவில்லை, மந்திரவாதியையும் கூப்பிடவில்லை. காணாத அவளோடு பேசத் தொடங்குகிறார். நீ யார், உனக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார். அவளுடைய கதையை எழுதுகிறார். எழுத எழுத, தற்கொலை என்று ஊர் நம்பிய சாவு கொலையென்று தெரிகிறது. 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' அடுத்த பாய்ச்சல். பூட்டிய அறையைத் திறந்த கங்கா என்ற பெண், அங்கே கொல்லப்பட்ட தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியாகவே மாறுகிறாள். மலையாளப் படத்தின் பேய் தமிழ் பேசுகிறது. தேசிய விருது பெற்ற ஷோபனாவின் நடிப்பில், மனநோயின் விளக்கமும் கொல்லப்பட்டவளின் ஆத்திரமும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் நிற்கின்றன. அதன் தமிழ் வாரிசான பி.வாசுவின் 'சந்திரமுகி' (2005) சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ஜோதிகாவின் விரிந்த கண்கள் தோட்டத்துச் சிறுவர்களின் விளையாட்டிலும் புகுந்தன. பேய் பிடித்தவளை அடிக்காமல், அவள் கேட்டதைக் கொடுத்து ஆற்றும் முடிவை இலட்சக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

வகைகளைத் தாண்டி, செய்நேர்த்தியில் சில உண்மைகள் எல்லா நாட்டுக்கும் பொது. மறைத்தல் முதலாவது. 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்து ஜாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' சிறுசெலவுப் படம். நள்ளிரவுச் சாலையில் ஒருத்தி நடக்கிறாள். பின்னால் இன்னொரு காலடி கேட்கிறது. பிறகு அது நின்றுவிடுகிறது. விலங்கு பாயப்போகிறது என்று மூச்சடைக்கும் கணத்தில் சீறிக்கொண்டு வருவது ஒரு பஸ். அந்தக் காட்சியில் சிறுத்தை இல்லவே இல்லை. கவ்வாத்து வெட்டிய மலையோரத்தில் சிறுத்தையின் கண் மின்னியதை நேரில் கண்டவர்கள் வாழும் ஊவாவில் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை வேண்டாம். தேயிலைச் செடிகளுக்கிடையே அசைவு நின்றுபோனால்தான் பயம் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) படத்தில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் அதை மறைத்தே படம் எடுக்க வேண்டியிருந்தது; அந்தப் பழுதே படத்தை நிலைக்க வைத்தது.

ஒலி இரண்டாவது. 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்று முதலில் நினைத்தார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து அந்தக் கீச்சொலியை உண்டாக்கினார். இன்று அந்த ஒலி இல்லாமல் காட்சியை நினைக்கவே முடியாது. 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் சிறுமிக்குள்ளிருந்து பேசும் கரகரத்த குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையினுடையது. மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அந்தப் படுக்கையறை அரங்கையே குளிரூட்டினார். மார்கழிக் காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் அப்புத்தளைக்காரர்களுக்கு அந்தக் குளிர் அந்நியமல்ல. டெக் காலத்தில் இந்தப் படத்தை ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாமல் பார்த்தவர்களும் பயந்தார்கள் என்றால், மொழி தெரியாத இடத்தில் அந்தக் குரலும் அந்த மூச்சும் பேசியதுதான் காரணம். தகரக் கூரையில் மழை அடிக்கும் இரவில் எந்தப் பேய்ப்படமும் இரட்டிப்புப் பலம் பெறும். திரையின் ஒலி எது, கூரையின் ஒலி எது என்று பிரித்தறிய முடியாது.

மூன்றாவது, பேய்க்கு உள்ள நியாயம். ஜப்பானின் 'ரிங்கு' (1998) படத்தில் கிணற்றுக்குள் தள்ளிக் கொல்லப்பட்ட சடாகோ டெலிவிஷன் பெட்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வருகிறாள். டெலிவிஷன் வழியே வருவது புதுமை. கிணற்றில் விழுந்தவள் திரும்பி வருவது எல்லா ஊர்க் கதையும்தான். 'பார்கவி நிலையம்' முதல் 'வா அருகில் வா' வரை, நாகவல்லியிலிருந்து சடாகோ வரை, நின்று பயமுறுத்தும் பேய்கள் அனைத்தும் வழக்காளிகள். உயிரோடு இருந்தபோது அவர்கள் சொன்னதை யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் திரும்பி வருகிறார்கள். வழக்கில்லாத பேய் கத்திச் சிரித்துவிட்டுப் போய்விடும். வழக்குள்ள பேயைப் பார்க்கும்போது, அதன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று மனம் ஒத்துக்கொள்கிறது. அந்த ஒப்புதல்தான் பயத்தை ஆழமாக்குகிறது.

தேய்ந்துபோனவற்றையும் சுருக்கமாகச் சொல்லலாம். உருளும் மண்டையோடு, சிவப்பு விளக்கு, காரணமில்லாத புகை, நடுவே நுழையும் நகைச்சுவைப் பகுதி ஆகியவை பழைய படங்களின் பலவீனங்கள். ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) படங்களுக்குப் பின் நகைச்சுவையே முதன்மையாகி, பேய் விடுமுறைக் கொண்டாட்டமாயிற்று. திருநங்கை ஒருத்தியின் வழக்கை மையத்தில் வைத்த 'காஞ்சனா'வுக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் கனம் உண்டு. இவற்றுக்கு மாறாக, அறிவழகனின் 'ஈரம்' (2009) தண்ணீரை மட்டும் வைத்துக் கொல்லப்பட்ட மனைவியைத் திரும்ப அழைத்தது. மிஷ்கினின் 'பிசாசு' (2014) தன் சாவுக்குக் காரணமானவனையே காக்கும் பேயைக் காட்டியது. தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1990களின் பிற்பாதியில், கருப்பண்ணசாமியின் குதிரைக் குளம்பொலியை வைத்தே ஊரைக் கட்டிப்போட்டது. காவல் தெய்வத்தின் தண்டனையா, மனிதன் செய்யும் கொலையா என்று கடைசிவரை இழுத்த அந்தத் தொடர், முனியாண்டிக்குப் படையல் வைக்கும் மக்களுக்குச் சொந்த வீட்டுக் கதையாயிற்று.

இத்தனை பேய்களையும் பார்த்த ஊவா மக்களுக்கு, பேயில்லாத பயமும் தெரியும். 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. அங்கே புதைந்தவர்களை வைத்து மலிவான திகில் காட்ட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அவர்களைப் பற்றிப் பேசாமலே இருப்பதும் சரியல்ல.

பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் பேயின்றியே திகிலாகக் காட்டியது. பி.எச்.டேனியல் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவலைத் தழுவிய அந்தப் படம் தமிழ்நாட்டு மலைத் தோட்டங்களின் கதை. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் பாதையோரம் விழுந்து, கல்லறையும் பெயரும் இல்லாமல் போன இலங்கைத் தொழிலாளர்களின் கதைக்குத் திரையில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. பழைய பேய்ப்படங்கள் சொல்லிக்கொடுத்த இலக்கணப்படி பார்த்தால், தமிழுலகில் இவர்களைவிடப் பெரிய வழக்காளிகள் இல்லை.

தோட்ட மக்களின் கதையைத் திரைக்குக் கொண்டுவருவதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து, தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தார். அவருக்கிருந்தவற்றைவிட நல்ல கேமராவும் மலிவான படத்தொகுப்பு வசதியும் இன்றைய இளைஞர்களின் கையில் இருக்கின்றன. பசறையிலும் ஹாலிஎலையிலும் குறும்பட ஆசையோடு திரியும் பிள்ளைகள் 'காஞ்சனா'வின் அலங்காரத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. 'பார்கவி நிலையம்' எழுத்தாளரைப்போல முதலில் உட்கார்ந்து கேட்டால் போதும்: ரோதைமுனிக்குப் பூசை வைத்த பாட்டன்மார்களிடம், காமன் கூத்தில் எமதூதன் கட்டியவர்களிடம், மீரியபெத்தையில் உறவுகளைத் தேடிக் களைத்தவர்களிடம். அந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும் இந்தச் சில ஆண்டுகளுக்குள் அவர்கள் குரலைப் பதிவுசெய்யும் வேலையைப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் தொழிற்சங்கங்களும் இன்றே தொடங்கலாம். திரைக்கதையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.